குச்சியில் ஆள் இல்லை

தான் மனிதன்தானா என்ற சந்தேகம் மெத்தைக்காரருக்கு அன்று மதியம் வரை வந்ததே இல்லை. பிறந்ததிலிருந்து எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவரும் நம்பிவிட்டார். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூடப் பெண் வீட்டார் குடி உண்டா, கோபம் உண்டா, குறட்டை உண்டா என்றெல்லாம் துருவினார்களே தவிர, மாப்பிள்ளை மனிதர்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போதே கேட்டு ஒரு சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் பின்னால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

முந்தின நாள் மாலை அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் தாயும் சேயும் நலம். தகப்பன் மட்டும் கீழே, வாசற்படியில், கக்கத்தில் ஒரு குட்டி மெத்தையோடு நின்றுகொண்டிருந்தார். ஊரெங்கும் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த சமயம். கிருமி இல்லை என்று மருத்துவமனையின் சொந்த லேப் எழுதிக் கொடுத்தால்தான் மகப்பேறு வார்டுக்குள் ஆளை விடுவார்கள்.

அந்த மெத்தையை அவர் மாதக்கணக்கில் தைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் தைத்துத் தள்ளுகிற கை, இதற்கு மட்டும் தைத்துத் தைத்துப் பிரித்தது. ஓரத் தையல் குழந்தையின் கன்னத்தில் உறுத்துமோ என்று தன் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில் அவருக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி சரியாக முளைக்காமல் போயிற்று என்று மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

"மெத்தையைக் குடுங்கண்ணே" என்றார் வாசல் காவலாளி. "அது சரக்கு. சரக்கறையில குச்சியால தேய்ச்சு, லேபுக்கு அனுப்பி, கிருமி இல்லைன்னு வந்துட்டா சரக்கு லிஃப்ட்ல மேல போயிடும்."

"நானு?"

"நீங்க ஆளு. ஆளுக்கு மூக்குக் கூண்டு. அந்தப் பக்கம்."

மூக்குக் கூண்டு என்பது கண்ணாடியும் தகரமும் கலந்த ஓர் அறை. அங்கே குச்சியம்மா இருந்தார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில், கண்ணில் தண்ணீர் வரும் முன்பே மூக்கிலிருந்து குச்சியை உருவிவிடுகிற கைகாரி என்று பேர் வாங்கியவர். சரக்கறையும் அவர் பொறுப்புதான். மெத்தைக்கு ஒரு குச்சி, மனிதருக்கு ஒரு குச்சி என்று இரண்டு அறைகளுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

மெத்தைக்காரர் கண்ணை இறுக மூடி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை நிமிர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். குச்சியம்மா அறையின் எதிர்க்கோடியில், தரையில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் நின்று, கையை நீட்டி, குச்சியைக் காற்றில் வட்டம் வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மூக்கு இங்க இருக்கு."

"தெரியுது. நல்ல மூக்கு. குச்சிப் பக்கமா மூச்சு விடுங்க."

"படவே இல்லையேக்கா."

"பட்டா என் வேலை போயிடும். அங்க பாருங்க."

சுவரில் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. ஊழியர்களின் பாதுகாப்பை முன்னிட்டு, மாதிரி எடுப்பவர் மாதிரி கொடுப்பவரிடமிருந்து எந்நேரமும் ஆறடி விலகியிருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அவரைத் தொடக் கூடாது. அதன் கீழே விளக்கச் சுற்றறிக்கை ஒன்று: குச்சியும் கையின் நீட்சியே.

"நானும் ஒட்டடைக் கம்புல குச்சியைக் கட்டி எடுத்துப் பார்த்தேன்" என்றார் குச்சியம்மா. "அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டாவது காகிதத்தை ஒட்டினாங்க." குச்சியைக் குழாய்க்குள் போட்டு மூடினார். முகத்தில், சமைக்கத் தெரிந்தவரிடம் காலிப் பாத்திரத்தைக் கிண்டச் சொன்னால் வருகிற சலிப்பு.

மெத்தைக்காரர் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் குச்சி மூக்கின் அடி வரை போகும், மூளையைத் தொட்டுத் திரும்பும் என்றெல்லாம் ஊரில் கேள்விப்பட்டு நடுங்கிப் போயிருந்தவர் அவர். வலிக்காமல் முடிந்ததே என்ற சந்தோஷத்தில், "ரொம்ப நல்லா எடுத்தீங்கக்கா" என்று ஒரு பாராட்டும் கொடுத்துவிட்டு வந்தார்.

மதியம் இரண்டு அறிக்கைகளும் சேர்ந்தே வந்தன. காவலாளி உரக்கப் படித்தார்.

"மெத்தை. கிருமி: இல்லை. மனித மரபணு: உண்டு. சரி, மெத்தை மேல போகலாம். அடுத்தது நீங்க. கிருமி: இல்லை..."

"அப்பாடா!" மெத்தைக்காரர் படியில் கால் வைத்துவிட்டார்.

"இருங்கண்ணே, இன்னொரு வரி இருக்கு. மனித மரபணு: இல்லை." காவலாளி காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் விரோதம் இல்லை. ஒரு வருத்தம்தான் இருந்தது. "என்னண்ணே இப்படி ஆகிப்போச்சு?"

"தப்பா வந்திருக்கும் தம்பி. நான் மனுஷன்தானே?"

"பார்க்க அப்படித்தான் இருக்கீங்க. ஆனா உள்ள ஆளைத்தான் விடச் சொல்லியிருக்காங்க. இதுல ஆள் இல்லைன்னு இருக்கு. ஆள் இல்லாத ஆளை நான் என்னன்னு விடறது?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெத்தையின் காதில் ஒரு சீட்டைக் கட்டி, ஏதோ திரவத்தைப் புஸ்புஸ்ஸென்று அடித்து, சரக்கு லிஃப்டில் ஏற்றினார்கள். அது ஜம்மென்று மேலே போயிற்று. தான் தைத்த பொருளின் மேல் மெத்தைக்காரருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமை வந்தது.

சற்று நேரத்தில் மனைவியிடமிருந்து போன். "ஏங்க, மெத்தை வந்துடுச்சு. பாப்பா படுத்ததும் தூங்கிட்டா. அப்படியே உங்க தூக்கம். நீங்க எங்க?"

"கீழதான் இருக்கேன். ஒரு சின்ன சிக்கல்."

"கிருமியா?" குரல் மாறியது.

"அதெல்லாம் இல்லை. கிருமி இல்லை. மனுஷனும் இல்லையாம்."

"நாளைக்குக் காலையில எங்களை வீட்டுக்கு அனுப்பறாங்க. அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க. பாப்பா முதல் நாள் மூஞ்சி இன்னிக்கு மட்டும்தான் இருக்கும், நாளைக்கே மாறிடும்னு நர்ஸ் சொல்றாங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி வார்த்தை மெத்தைக்காரரைப் பிடித்து உலுக்கியது. நேரே லேபுக்கு ஓடினார்.

லேப் ஜன்னலில் இருந்த பரிசோதகர் நல்ல பெண்மணி. பல மாதங்களாகச் சரியாகத் தூங்காத கண். கேள்வி கேட்க ஆள் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் விளக்கமாகவே சொன்னார்.

"இந்தக் கிருமிக்குள்ள இருக்கிறது ஆர்.என்.ஏ. அதை அப்படியே நகல் எடுக்க மெஷினுக்கு வராது. அதனால முதல்ல அதை டி.என்.ஏ.வா மாத்தி எழுதிக்குவோம். அப்புறம் சூடு பண்ணி ஆற வைப்போம், மறுபடி சூடு, மறுபடி ஆற வைக்கிறது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். கோடிக்கணக்குல பெருகினதும் ஒளி வரும். துளி கிருமி இருந்தாலும் மாட்டிக்கும்."

"கிருமி கிடக்கட்டும் மேடம். மனுஷன் எப்படி மாட்டாம போனான்?"

"அது குச்சிக்கு வைக்கிற பரிட்சை. குச்சி நிஜமாவே மூக்குல பட்டுதான்னு தெரியணும் இல்லையா? அதுக்காக மனுஷ மரபணு ஒண்ணையும் கூடவே தேடுவோம். அது இல்லைன்னா குச்சி யாரையும் தொடலைன்னு அர்த்தம். நீங்க மனுஷன் இல்லைன்னு அர்த்தமில்லை."

"இதையே எழுதிக் குடுத்துடுங்களேன்!"

"எழுதினேனே. 'மாதிரி சரியில்லை, மீண்டும் எடுக்கவும்'னு எல்லாருக்கும் எழுதறேன். அறிக்கைப் பிரிவுல, குறிப்பு எழுதக் கட்டம் இல்லைன்னு அடிச்சுடறாங்க. நீங்க போய் அவங்ககிட்ட மறுபரிசோதனைக்கு அனுமதி வாங்கிட்டு வாங்க. நானே பார்த்துத் தர்றேன்."

அறிக்கைப் பிரிவின் அதிகாரி, மேசை நிறையக் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுகள் வைத்திருந்தார். மின்விசிறி ஓடவில்லை, ஆனாலும் ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒன்று இருந்தது.

"மறுபரிசோதனையா? தாராளமா. விண்ணப்பதாரர் எங்கே?"

"நான்தான் சார்."

அதிகாரி அறிக்கையைப் பார்த்தார். பேப்பர்வெயிட்டை அதன் மேல் வைத்தார். "விண்ணப்பம் மனுஷங்ககிட்ட இருந்துதான் வாங்கணும். உங்களுக்காக மனுஷங்க யாராவது வந்தா நல்லது."

"நான்தான் பேசறேனே சார்!"

"ரேடியோவும்தான் பேசுது. இங்க பாருங்க, உணர்ச்சிவசப்படாதீங்க. தனிப்பட்ட முறையில உங்களை நான் மனுஷனாத்தான் மதிக்கிறேன். நாளைக்கே கடைத்தெருவில பார்த்தா வணக்கம்கூடச் சொல்வேன். ஆனா இந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துட்டா நான் மனுஷத்தனமா நடந்துக்க முடியாது. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"என் மெத்தைக்கு மட்டும் மனுஷ மரபணு இருக்குன்னு வந்திருக்கே! அது என்னோடதுதான் சார். என் கை பட்டது. கன்னம் பட்டது."

"மெத்தை உங்களோடதுன்னு ஒத்துக்கறேன். மரபணு மெத்தையோடது. பதிவாகிடுச்சு."

மெத்தைக்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். மனைவிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். "நான் மனுஷன்தான்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"ஏன், அவருக்கும் சந்தேகம் வந்துடுச்சா?" என்றாள் மனைவி. "வாயும் வயிறுமா இருந்தவளைத் தனியா ஆட்டோவில ஏத்திவிட்டுட்டு, 'ஓரத் தையல் பாக்கி இருக்கு, பின்னாடியே வர்றேன்'னு சொன்னாருங்க. எந்த மனுஷனாவது அப்படிச் சொல்வானா, நீங்களே சொல்லுங்க சார்."

அதிகாரி தலையை ஆட்டி, அதையும் குறித்துக்கொண்டார். சாட்சியம் எதிராகப் போய்விட்டது.

வெளியே வந்தபோது வராந்தா நிரம்பியிருந்தது. குச்சியம்மாவின் காற்றுக் குச்சியில் அன்று மாட்டாமல் போனவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நாற்காலிகளில் 'மனிதர்களுக்கு மட்டும்' என்று புதிதாக ஒட்டியிருந்ததால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் இதை எதிர்த்து வழக்குப் போடப் போவதாக முழங்கினார். வழக்குப் போடுவதற்கும் வாதி மனிதராக இருந்தாக வேண்டும் என்று அவருக்கே பாதியில் நினைவு வந்து, பேச்சை இருமலில் முடித்துக்கொண்டார். உடனே நாலு பேர் தள்ளி நின்றார்கள்.

கூச்சல் மேலிடத்துக்கு எட்டி, இயக்குநரே கீழே இறங்கி வந்தார். கூடவே புகைப்படக்காரரும் வந்தார்.

"நம் லேபின் மீது மக்களுக்கு நம்பிக்கை குறையக் கூடாது" என்று அறிவித்தார் இயக்குநர். "உங்கள் அனைவரின் முன்னிலையிலும் நானே மாதிரி கொடுக்கிறேன். பாருங்கள்."

மூக்குக் கூண்டில் பூங்கொத்து வைத்தார்கள். இயக்குநர் கேமராவைப் பார்த்தபடி மூக்கை நிமிர்த்தினார். இயக்குநராயிற்றே என்று குச்சியம்மா மரியாதைக்காக இன்னும் ஓரடி பின்னால் போய், கதவுக்கு வெளியே நின்று, குச்சியைக் காற்றில் மூன்று சுற்றுக் கூடுதலாகவே சுழற்றினார். எல்லாரும் கைதட்டினார்கள். குழாய் லேபுக்கு ஓடியது. பரிசோதகர் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து இதை மட்டும் மெஷினில் ஏற்றினார்.

கிருமி: இல்லை. மனித மரபணு: இல்லை.

அந்த அறிக்கையை இயக்குநரிடம் கொண்டுபோய்க் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் பேப்பர்வெயிட்டோடு சேர்த்து அதிகாரி கொடுத்தார். அவசரக் கூட்டம் கூடியது. லேப் தவறியிருக்கலாம் என்று யாரோ சொல்லப்போக, லேபுக்கு வாங்கிய விருது சுவரில் தொங்குவதை இன்னொருவர் காட்டினார். குச்சி தொடவில்லையோ என்று ஒருவர் இழுத்தார். தொடக் கூடாது என்ற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்ததும் அவரே நிறுத்திக்கொண்டார். மிச்சமிருந்த ஒரே வழி, அறிக்கையை உண்மை என்று ஏற்றுக்கொள்வதுதான்.

இயக்குநர் மறுபடியும் வராந்தாவுக்கு வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"அன்பர்களே! நான் இந்தப் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து என்னுள் மனிதத் தன்மை சிறிதும் தென்படவில்லை என்று சிலர் புறம்பேசி வந்தார்கள். அவர்களிடம் ஆதாரம் இல்லை. நம் லேபிடம் இருக்கிறது! ஒரு துண்டு இருந்தாலும் கோடியாகப் பெருக்கிக் காட்டும் கருவி, என்னுள் பெருக்குவதற்கு ஒரு துண்டுகூட இல்லை என்று கண்டுபிடித்துள்ளது. இயக்குநர் என்றும் பாராமல் உள்ளதை உள்ளபடி சொன்ன இந்தத் துல்லியம் வேறெந்த நிறுவனத்துக்கு வரும்? இதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை. வருத்தப்படுவதற்கான பாகமும் அதிலேயே போய்விட்டது போலிருக்கிறது."

அலுவலர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னாலேயே புதிய சுற்றறிக்கை வந்தது. மனித மரபணு காணப்படாதவர்களில் பதவி வகிப்போர் மட்டும் பதவி வழியாக மனிதராகக் கருதப்படுவர். வராந்தா பாதி காலியாயிற்று. வக்கீல் ஏதோ சங்கத்தின் செயலாளர் என்று சொல்லி மனிதராகி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

மெத்தைக்காரர் மறுபடியும் பேப்பர்வெயிட் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"பதவி?"

"சொந்தக் கடை சார்."

"முதலாளியா! அப்படிச் சொல்லுங்க. உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?"

"நானும் ஒரு தையல் மெஷினும்."

அதிகாரி பேனாவை மூடினார். "தகப்பன்னு ஒண்ணு இருக்கே சார், அது பதவி இல்லையா?" என்று மெத்தைக்காரர் கெஞ்சினார்.

"நியமன உத்தரவு இருக்கா?"

மெத்தைக்காரர் வாசற்படிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார். காவலாளி தன் பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றி அவரிடம் நீட்டினார். மனிதரல்லாதவருக்கு டீ தரலாமா என்று சுற்றறிக்கை எதுவும் அதுவரை வரவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள். சரக்கு லிஃப்ட் யாருடைய தலையணையையோ ஏற்றிக்கொண்டு மேலே போயிற்று. மெத்தைக்காரர் அதைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"தம்பி, நான் ஆள் இல்லை. சரிதானே?"

"விடுங்கண்ணே, மறுபடி மறுபடி அதையே ஏன்..."

"இல்லை, கேளு. ஆள் இல்லாட்டி வேற என்ன?"

காவலாளி மூடியை உதறினார். வாசலில் தொங்கிய விதிப்பலகையை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை விரலை வைத்துப் படித்தார். வார்டுக்குப் போகக்கூடியவை இரண்டே வகை: ஆள், சரக்கு.

"அண்ணே," என்றார் மெல்ல, "சரக்கு பேசாதுண்ணே."

மெத்தைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

சரக்கறையில் குச்சியம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். காவலாளி வண்டியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து எழுந்தார். "என்ன இது?"

"சரக்குக்கா. மூணாம் மாடிக்கு. அறிக்கையிலேயே ஆள் இல்லைன்னு போட்டிருக்கு."

குச்சியம்மா அறிக்கையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சரக்கறைச் சுவரில் சுற்றறிக்கை எதுவும் இல்லை. சரக்கைத் தொடக் கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

"எத்தனை நாளாச்சு ஒரு மூக்கைத் தொட்டு!" என்றபடி புதுக் குச்சியைப் பிரித்து, மெத்தைக்காரரின் தலையை இடது கையால் வாகாகச் சாய்த்து, ஒரே வழுக்கில் உள்ளே விட்டு, அடி வரை போய், நிதானமாகத் திருகி, கண்ணில் தண்ணீர் வரும் முன்பே உருவிவிட்டார். கை மறக்கவில்லை. தண்ணீர் பிறகுதான் வந்தது, வந்தபின் நிற்கவில்லை. மெத்தைக்காரர் சரக்காகையால் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை.

குச்சியம்மா குழாயைத் தானே லேப் ஜன்னலில் கொண்டுபோய்க் கொடுத்தார். மெஷின் சூடாகி ஆறி, சூடாகி ஆறி முடியும்வரை மெத்தைக்காரர் இரண்டு மூட்டைகளுக்கும் ஒரு வாளிக்கும் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அறிக்கை வந்தது.

சரக்கு: ஒன்று. கிருமி: இல்லை. மனித மரபணு: மிக அதிகம்.

அந்த 'மிக அதிகம்' காரணமாக அதிகாரியே கீழே வர வேண்டியிருந்தது. சரக்கில் இவ்வளவு மனிதர் ஒட்டியிருந்தால் கழுவாமல் அனுப்பலாமா என்பது கேள்வி. அவர் சரக்கைச் சுற்றி வந்தார். கடைத்தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லக்கூடிய முகம்தான். சரக்கு கண்ணிலிருந்து தண்ணீர் வடிய அவரையே பார்த்தது.

"மதியம் ஒரு மெத்தை போச்சே சார்" என்றார் காவலாளி. "அதுலயும் மனுஷன் இருந்துது. விட்டுட்டோம்."

"முன்னுதாரணம் இருக்கா? முதல்லயே சொல்றதுக்கென்ன!" அதிகாரிக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

மெத்தைக்காரரின் மணிக்கட்டில் சீட்டுக் கட்டினார்கள். திரவம் அடித்தார்கள். முகமூடி மாட்டினார்கள். தலையணைகளோடு சேர்த்துச் சரக்கு லிஃப்டில் ஏற்றினார்கள். லிஃப்ட் நகரும்போது, உள்ளே கண்ணாடி இல்லாவிட்டாலும் அவர் தலைமுடியைக் கோதிச் சரிசெய்துகொண்டார்.

மூன்றாம் மாடியில் நர்ஸ் தள்ளுவண்டியோடு தயாராக இருந்தார். சீட்டைப் படித்தார், ஆளைப் பார்த்தார், வேலை அதிகம் என்பதால் எதுவும் கேட்கவில்லை. தலையணைகளையும் தகப்பனையும் அடுக்கித் தள்ளிக்கொண்டுபோய் ஜன்னலோரக் கட்டிலுக்கு அருகில் நிறுத்தினார்.

குட்டி மெத்தையில் குழந்தை படுத்திருந்தது. முதல் நாள் முகம், சிவந்து, சுருங்கி, யார் மேலோ கோபத்தில் இருப்பதுபோல. மணிக்கட்டில் அதற்கும் ஒரு சீட்டு. மெத்தைக்காரர் குனிந்து, தன் சீட்டுக் கட்டிய கையை மெத்தையின் ஓரத் தையலில் வைத்தார். குழந்தை எதையோ தேடுவதுபோல் கையை ஆட்டி, கிடைத்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, விடவில்லை.

"சரக்கைச் சரிபார்த்து வாங்கிக்கோங்கம்மா" என்று நர்ஸ் ரசீதை நீட்டினார். "சேதம் ஏதாவது இருக்கா?"

மனைவி கட்டிலில் சாய்ந்தபடி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். முகமூடிக்கு மேலே இரண்டு கண்களும் பெருகிக்கொண்டிருந்தன. இப்போது அது குச்சியால் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு இடத்துல ஒழுகுது" என்றாள்.

"திருப்பி அனுப்பிடவா?"

"வேண்டாங்க." அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "எங்களுக்குப் பழகிடும்."